எந்த ஞாயிற்றுக்கிழமை?

எங்கள் ஊரில் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வோம். ஹாலந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கிராமம். என் பெயர் ஹிட்டே. சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் நான் சொதப்பினால், திங்கட்கிழமை ரொட்டிக் கடைக்காரர், "என்னப்பா, கால்ல கல்லு கட்டிக்கிட்டு ஆடினியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, சூடான ரொட்டியாகப் பார்த்து எடுத்துத் தருவார். இரண்டுமே அவருக்கு என் மேல் இருந்த அக்கறைதான்.

இங்கிலாந்தின் வடக்கே ஹெல்ம்ஷா என்ற ஊரின் அணிக்கு வந்த பிறகுதான், அந்த அக்கறையை இங்கே யாரும் அக்கறை என்று எடுத்துக்கொள்வதில்லை என்று தெரிந்தது.

டச்சு லீக்கிலிருந்து வந்தவன் என்றால் இங்கே ஒரு இளக்காரம் உண்டு. "அங்க தடுக்கிறதுக்கு ஆளே கிடையாதாமே? பந்தே கூச்சப்பட்டு உள்ள போயிடுமாமே?" என்று முதல் நாளே கேட்டார்கள். நான் தடுப்பாட்டக்காரன் வேறு. எங்கள் நாட்டில் சின்ன வயதிலிருந்தே பின்னாலிருந்து பந்தை நிதானமாகக் கொடுத்து வாங்கி மேலே கொண்டுபோகப் பழக்குவார்கள். இங்கே நான் தலை நிமிர்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் இரண்டு பேர் என் மேல் வந்து விழுவார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு முழங்கை என் மூக்கை உடைத்தது. ரத்தத்தோடு நடுவரைப் பார்த்தேன். "எந்திரி, எந்திரி" என்றார்.

அதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. எகிறிப் பந்தைத் தலையால் முட்டக் கற்றுக்கொண்டேன், முழங்கையும் கற்றுக்கொண்டேன். பழகாதது மனிதர்கள்தான்.

எங்கள் அணிகளில் காலையில் உடை மாற்றும் அறைக்கு வந்தால் ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்க வேண்டும். தலைவரிலிருந்து துணி துவைப்பவர் வரைக்கும் யாரையும் விடக்கூடாது. இங்கேயும் அப்படித்தான் செய்தேன். இடது ஓரத்தில் ஆடும் டெக்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மச்சான், எலக்‌ஷன்ல நிக்கிறியா? ஓட்டு உனக்குத்தான் போ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் கை கொடுத்தார்கள்.

அணித் தலைவன் கார்சைட். முப்பத்து நாலு வயது, கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட ஆள். தடுப்பின் நடுவில் இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். அந்த முதல் வாரத்திலேயே அவன் என் முதுகில் ஒரு அறை வைத்து, "ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்குச் சாப்பிட வா, தம்பி" என்றான்.

நான் கைப்பேசியை எடுத்தேன். "எந்த ஞாயித்துக்கெழம?"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு என்னவென்றே புரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் நாள் குறிக்க வேண்டாமா? எங்கள் ஊரில் அம்மாவைப் பார்க்கப் போவதென்றாலும் நாள் குறித்துத்தான் போவேன்.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு? அன்னிக்கு ஒண்ணும் இல்லயே நமக்கு?"

"சரிப்பா, வா" என்றான் கார்சைட்.

"மத்தியானமா, ராத்திரியா?"

"ஏய், இவன் நெசமாத்தான் கேக்குறான்டா!" என்று டெக்லன் பெஞ்சில் சாய்ந்து சிரித்தான். "ஒரு மணிக்கு வாடா சாமி" என்றான் கார்சைட். குறித்துக்கொண்டேன்.

அந்த நாளை நான் எவ்வளவு எதிர்பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. ஊரில் என்னோடு வாழ்ந்துவந்த நின்கே மாட்டு வைத்தியர். எங்கள் பகுதியில் அவளை விட்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லை, அதனால் அங்கேயே இருந்துவிட்டாள். ஹெல்ம்ஷாவில் எனக்குக் கொடுத்த வீட்டில் மூன்று படுக்கையறை. இரண்டின் கதவை நான் திறந்ததே இல்லை. எங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகும் திரைச்சீலையை மூட மாட்டோம். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெருவே பார்க்கும். இங்கே பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் திரையை இழுத்துவிட்டுவிடுகிறார்கள். என் ஜன்னல் மட்டும் திறந்து கிடக்கும். பக்கத்து வீட்டம்மா ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினார். "உங்களுக்குத் திரை வேணும்னா எங்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு." தனியாக இருந்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் மேனேஜர் பிராசர் ஒரு செய்தி சொன்னார். ஜனவரியில் நடுத்தடுப்புக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். அவன் வந்தால் கார்சைட், நான் இரண்டு பேரில் ஒருவர் வெளியே. டச்சு லீக்கிலிருந்து இங்கே வந்து, அரை வருஷத்தில் திரும்பிப் போன பலரை எனக்குத் தெரியும். ஊரில் அவர்களைக் கண்டால், "என்னப்பா, முடியலயா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. எப்படியாவது இங்கே நின்றுவிட வேண்டும் என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வார ஆட்டத்தில் தோற்றோம். கார்சைட்டின் இடது பக்கமாக ஒருவன் புகுந்து போய்க் கோல் அடித்தான். மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டிய பிராசர், படத்தை நிறுத்தி, "யாருக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டாரே என்று நான் சொன்னேன்.

"கார்சைட் தப்பான பக்கம் திரும்பி நிக்கிறார். போன ரெண்டு ஆட்டத்துலயும் இதே மாதிரிதான் ஆச்சு. இடது பக்கம் அவர் திரும்பறதே இல்ல. டெக்லனும் மேல ஏறி ஆட மாட்டேங்கிறான், அவ்ளோ வேகம் வச்சிக்கிட்டு உள்ளயே ஒட்டிக்கிட்டு நிக்கிறான்."

எங்கள் ஊராக இருந்தால் கார்சைட் எழுந்து, "உன் லட்சணம் என்னன்னு பாரு" என்று ஆரம்பித்திருப்பான். அரை மணி நேரம் கத்தியிருப்போம். பிறகு ஒன்றாகக் காப்பி குடித்திருப்போம். இங்கே யாரும் கத்தவில்லை. பிராசர் கார்சைட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். கார்சைட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நான் கையை நீட்டியபோது டெக்லனுக்குக் காலணிக் கயிற்றில் ஏதோ சிக்கல் வந்துவிட்டது. அடுத்தவன் பைக்குள் தலையை விட்டுத் தேட ஆரம்பித்தான். அறையைச் சுற்றி வந்து முடிக்கும் வரை நீட்டிய கையை ஒருவரும் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் தட்டோடு உட்கார்ந்தால், மற்றவர்கள் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துபோனார்கள். நான் என்ன பொய்யா சொன்னேன் என்று பொருமினேன். நின்கேயிடம் சொன்னேன். "அவர் தப்பா நின்னாரா இல்லயா?" என்று அவள் கேட்டாள். "நின்னார்." "அப்ப உனக்கு என்ன பிரச்சன?" அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. போவதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. நாள் குறித்திருக்கிறது, அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூங்கொத்து வாங்கிக்கொண்டு போனேன். சீக்கிரம் வந்துவிட்டதால், தூறலில் கொஞ்ச நேரம் அவன் வாசலுக்கு எதிரே நின்றிருந்து, ஒரு மணிக்கு மணி அடித்தேன்.

அவன் மனைவி லியான் கதவைத் திறந்தாள். கையில் சோப்பு நுரை. என்னைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், உள்ளே திரும்பி, "ஏங்க, அந்த டச்சுக்காரர் வந்திருக்கார்" என்றாள். உள்ளே நாற்காலி தேய்க்கும் சத்தம் கேட்டது. கார்சைட் வரக் கொஞ்சம் தாமதமானது. நொண்டிக்கொண்டு வந்தான். இடது முழங்காலில் வீக்கத்துக்கு உறைந்த பட்டாணிப் பை ஒன்றை வைத்து, அவளுடைய கழுத்துத் துணியால் கட்டியிருந்தான்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல, சாப்பிட வந்தேன். நீங்கதான கூப்பிட்டீங்க? இன்னிக்குன்னு குறிச்சோமே."

அவன் என்னையே பார்த்தான். லியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "இவர் எல்லார்கிட்டயும்தான் அப்படிச் சொல்வார்ங்க. இத்தன வருஷத்துல யாருமே வந்ததில்ல" என்றாள். பிறகு என் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு, "மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள்.

அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மீதியிருந்த மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் சூடாக்கி, மேலே குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. கார்சைட் எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"முட்டி எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"கோடைக்கு முன்னாடியே. எடது பக்கம் திரும்பினா உயிரு போவுது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பிசியோகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். சீசன் முடியற மே வரைக்கும் ஆடிட்டா இன்னொரு வருசம் ஓட்டிடலாம். ஜனவரியில வெளிய அனுப்பினா அவ்ளோதான், தம்பி. நொண்டியை எவன் எடுப்பான்? பதினாறு வயசுல இதுக்குள்ள வந்தவன். வேற எனக்கு என்ன தெரியும்?"

"டெக்லனுக்குத் தெரியுமா?"

"எல்லாத்துக்கும் தெரியும். நான் ஒருத்தன்கிட்டயும் சொல்லல. அவனுங்களும் கேக்கல. டெக்லன் பாட்டுக்கு மேல போறத நிறுத்திட்டு எம்பக்கம் வந்து நின்னுக்கிட்டான்."

கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த வேகக்காரன் மேலே ஏறாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றதை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். பத்துப் பேர் வாய் திறக்காமல் ஒருவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேனேஜர் முன்னால் அதை உடைத்துப் போட்டிருந்தேன்.

"இப்பவும் நீங்க நின்னது தப்புதான்" என்றேன்.

"தெரியும்டா, எரும" என்றான் அவன். லியான் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

டிசம்பர் வந்தது. எங்கள் லீக்குக்குக் குளிர்கால விடுமுறை உண்டு. கிறிஸ்துமஸ் நாளில் எல்லோரும் வீட்டில் இருப்போம். இங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாளே ஆட்டம். கிறிஸ்துமஸ் அன்று பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து ஃபோனில் கூப்பிட்டேன். நின்கேயின் வீட்டில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃபோனை ஆளாளுக்குக் கைமாற்றி எனக்குக் காட்டினார்கள். வைத்த பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். போய்க் கதவைத் தட்டியிருக்கலாம், ஆனால் யாரும் என்னைக் கூப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் டெக்லன் அடிபட்டு வெளியே போனான். அவன் இடத்துக்கு வந்தவன் ஒரு புதுப் பையன், முழங்கால் விஷயம் அவனுக்குத் தெரியாது, மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தான். ஆட்டம் முடியப் போகும் நேரம். கார்சைட்டின் இடது தோளுக்கு மேலாகப் பந்து வரப் போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவனால் திரும்ப முடியாது. நான் என் ஆளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். பந்து அங்கே வரவில்லை. நான் விட்டுவிட்டு வந்த ஆளுக்குப் போனது. அவன் நிதானமாகக் கோல் அடித்தான். தோற்றோம்.

மறுபடியும் படம் போட்டார் பிராசர். படத்தில் கார்சைட் தன் ஆளோடு ஒழுங்காக நிற்கிறான். நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி என் ஆளை அம்போ என்று விட்டுவிட்டு ஓடுகிறேன். படத்தை நிறுத்தினார்.

"யாருக்கு என்ன தோணுது?"

இந்தத் தடவை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்சைட் மட்டும் பார்க்கவில்லை. அவன் தன் முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் உண்மை இருந்தது. ஒரே ஒரு வரி. சொன்னால் ஜனவரியில் வெளியே போவது நான் இல்லை, மே வரை இங்கே எனக்கு இடம் உண்டு.

"எம்மேலதான் தப்பு, பாஸ். ஆளைக் கவனிக்கல" என்றேன்.

அந்த வாரமே பிராசர் கூப்பிட்டு, வெளியே போவது நான்தான் என்று சொல்லிவிட்டார். ஹாலந்திலேயே ஒரு அணி என்னைக் கேட்கிறதாம். "உனக்கு அந்த ஆட்டந்தான் சரிப்பட்டு வரும்" என்று அன்பாகத்தான் சொன்னார். நின்கேவுக்குச் சந்தோஷம். "எப்படி இருக்கே?" என்று கேட்டாள். "பரவால்ல" என்றேன். அதையே மறுபடியும் கேட்டாள். அப்படி ஒரு பதிலை அவள் என்னிடமிருந்து கேட்டதே இல்லை.

கடைசி நாள் காலை நான் பையை எடுக்கப் போனபோது, டெக்லன் ஊன்றுகோலோடு எழுந்து நின்று, நான் நீட்டாமலே கையை நீட்டினான். "எலக்‌ஷன் முடிஞ்சிருச்சு, மச்சான்" என்றான்.

கார்சைட் வண்டிகள் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே நொண்டிக்கொண்டு வந்தான். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டான் என்று எனக்கும் தெரியும். அவன் காரும் என் காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்குச் சாப்பிட வா, தம்பி. விமானத்துல ஒரு மணி நேரந்தான. லியானும் கேக்குறா."

"கண்டிப்பா வரேன்" என்றேன்.

அவன் போகவில்லை. சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, என் சட்டைப் பையைப் பார்த்தான். "சரி, பாக்கலாம்" என்று நானே கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். அவன் தலையாட்டிவிட்டு மெதுவாகத் தன் காருக்குப் போனான்.

நாள் குறிக்க நான் கைப்பேசியை எடுப்பேன் என்றுதான் அவன் காத்துக்கொண்டு நின்றான் என்பது, ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.