சம்பந்தியம்மாவின் கறுப்பு அத்தி

கண்டக்டரம்மாவுக்குப் பிடித்த மனிதர்களை விரல்விட்டு எண்ணப் போனால் ஒரு கையே அதிகம். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். படியில் தொங்குகிறவன் ஒரு ரகம், ஜன்னலோரத்துக்குக் கைக்குட்டை வீசுகிறவன் ஒரு ரகம், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லி மடியிலேயே உட்காரப் பார்க்கிறவன் இன்னொரு ரகம். எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று, ஒன்றும் தேறாது என்று முடிவு கட்டித்தான் ஓய்வு பெற்று வந்தார். அந்த முடிவுக்கு முத்திரை குத்தியவர் மகளின் மாமியார்.

சம்பந்தியம்மா வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவர். வாயைத் திறந்தால் ஓரம் விட்டு, பத்தி பிரித்து, வேண்டிய இடத்தில் அடிக்கோடு போட்டுத்தான் பேசுவார். "நீங்க சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம்" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் கண்டக்டரம்மாவுக்கு விசிலை எடுத்து ஊதிப் பாதி வழியிலேயே இறக்கிவிடலாமா என்றிருக்கும்.

மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவோடு இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தபோது கண்டக்டரம்மா ஒரு பச்சை அத்திக் கன்றைக் கொண்டுவந்து பின்கட்டில் இடப்பக்கம் நட்டார். பழுத்தாலும் பச்சை மாறாத ரகம். அடுத்த வாரமே அதற்கு நேர் எதிரே, வலப்பக்கம், சம்பந்தியம்மா கறுப்பு அத்தி ஒன்றை நட்டுவிட்டார்.

"பொழுது விடிஞ்சா என்னைப் பாத்துதான் எல்லாம்" என்று கண்டக்டரம்மா மகளிடம் முணுமுணுத்தார். அது நடந்து ஆறு வருஷம்.

இப்போது பின்கட்டில் ஓர் அறை கட்டப் போகிறார்கள். இடப்பக்கமா வலப்பக்கமா? எந்தப் பக்கம் கட்டினாலும் ஒரு மரம் போக வேண்டும். கொத்தனார் சுண்ணாம்புப் பொடி வாளியோடு வந்து நின்றுவிட்டார்.

"ரெண்டு பழத்தையும் தின்னு பார்ப்போம். எது நல்லாயிருக்கோ அந்த மரம் இருக்கட்டும். அப்புறம் யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்று மகள் பொதுவாகச் சொன்னாள். பார்வை மட்டும் அம்மாவின் மேல்தான் இருந்தது.

கண்டக்டரம்மாவுக்குக் கவலை பிடித்தது. மரத்துக்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "தண்ணி ஊத்த வந்தேன்" என்று பக்கவாட்டுக் கதவு வழியாக அந்த வீட்டுக்குள் நுழைகிறவர் அவர். மரம் போனால் முன்வாசலில் மணி அடிக்க வேண்டும். சம்பந்தியம்மா வந்து கதவைத் திறப்பார். விருந்தாளிக் கோப்பையில் காபி தருவார். பெற்ற மகளைப் பார்க்க, "ஏது இவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு போக வேண்டும்.

தீர்ப்புச் சொல்ல எதிர்வீட்டு நாக்கு சாரைக் கூப்பிட்டிருந்தார் மாப்பிள்ளை. டீ கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர். அதனால் அந்தப் பெயர்.

"சம்பந்தி, பழத்தை நீங்களே பறிச்சிடுங்க. எனக்கு முட்டி வலி. கையெட்டுற இடத்துல கறுத்தது நாலு இருக்கும், அது போதும். உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு" என்றார் சம்பந்தியம்மா. 'முழு' என்பதன் கீழே அடிக்கோடு விழுந்தது எல்லாருக்கும் கேட்டது.

கண்டக்டரம்மா தட்டுகளோடு பின்கட்டுக்குப் போனார். தன் மரத்தில் நாலு பழம் பறிக்க நாலு நிமிஷம் கூட ஆகவில்லை. காம்பு துவண்டு, கழுத்துத் தொங்கி, தொட்டதும் கையோடு வந்தன. பிறகு கறுப்புக்குப் போனார். கையெட்டும் பழங்கள் நல்ல கறுப்பாகத்தான் இருந்தன. ஆனால் அமுக்கிப் பார்த்தால் கோலிக்குண்டு. ஒன்றைத் திருகியதும் காம்பில் பால் கசிந்தது.

சம்பந்தியம்மாவின் வழக்கமே இதுதான். நிறம் மாறியதும் பறித்துவிடுவார், குருவி கொத்திவிடும் என்று. முதல் வருஷம் ஒன்றைக் கொடுத்தார். கடித்த கண்டக்டரம்மாவுக்கு உதடு எரிந்தது. உள்ளே சப்பென்று, ஈரத் துணியை மென்ற மாதிரி. வைத்தவர் லட்சணம் பழத்தில் தெரிகிறது என்று அன்றோடு அந்த மரத்தைக் கைகழுவிவிட்டார்.

இன்றைக்கு மேல்கிளையைப் பார்க்க ஏணியை எடுக்கப் போனவர் மதிலோரம் ஒரு பெரிய இலைக்குப் பின்னால் ஒரு கொத்தைப் பார்த்தார். ஐந்து பழம். குருவிக்கும் தெரியாமல், சம்பந்தியம்மாவுக்கும் தெரியாமல் தப்பியவை. தோல் கீறிட்டு, தலை கவிழ்ந்து, அடிக்கண்ணில் தேன்சொட்டு ஒன்று விழவா வேண்டாமா என்று நின்றது. குறை சொல்வதற்கென்றே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார்.

குறை வரவில்லை. உள்ளே ரத்தச் சிவப்பு. முதலில் இனிப்பு, இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு புளிப்பு எழுந்து அந்த இனிப்பைத் தூக்கி நிறுத்தியது. விதைகள் நறநறவென்று உடைந்தன. தோலில் இருந்த லேசான துவர்ப்பு வாயைச் சுத்தம் பண்ணி, அடுத்ததைக் கொண்டா என்றது. உடனே தன் பச்சையில் ஒன்றைத் தின்று பார்த்தார். வெறும் தித்திப்பு. நல்ல தித்திப்புத்தான், தேன்தான்; ஆனால் வந்தது, இருந்தது, போனது. இத்தனை நாள் இதற்கா இந்தக் கொடி பிடித்தோம்?

"சே!" என்றார் மரத்தைப் பார்த்து.

கையெட்டும் கோலிக்குண்டுகளைத் தட்டில் வைத்தால் முடிந்தது கதை. சம்பந்தியம்மா சொன்னபடிதான் செய்ததாக இருக்கும். நாக்கில்லாதவன் கூடப் பச்சைக்குத்தான் கை தூக்குவான். ஏணியைப் பிடித்தபடியே யோசித்தார். டிக்கெட் இல்லாமல் ஏறியவனை முப்பத்தொரு வருஷம் காலரைப் பிடித்து இறக்கிய கை இது. அதுகூடப் போகட்டும். ஏமாற்றி ஜெயிக்கிற அளவுக்கு இந்த டைப்பிஸ்டு என்ன அவ்வளவு பெரிய ஆளா? அந்த மரியாதையெல்லாம் இவருக்குக் கொடுக்க முடியாது.

மதிலோரத்து நாலையும் பறித்துத் தட்டில் வைத்தார்.

நாக்கு சார் கையோடு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். பெரிய கடையில் வாங்கிய பழுப்பு நிற அத்தி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காகிதப் பாவாடை. "இது உசந்த ரகம். இத ஒரு அளவுகோலா வெச்சுக்குவோம்" என்றார். முதலில் அதைக் கடித்துக் கண்ணை மூடினார். "ஆஹா... அடக்கம். ஒரு நிதானம்."

கண்டக்டரம்மாவும் ஒரு கடி கடித்தார். "நிதானம் இல்ல சார், பஞ்சு. தலகாணியப் பிரிச்சுத் தின்னாலும் இதே ருசிதான்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினார்.

நாக்கு சார் பச்சையை உறிஞ்சினார், கறுப்பை உறிஞ்சினார், வாய் கொப்பளித்தார். "ஒண்ணுல காலை வெயில். இன்னொண்ணுல மழைக்கு முந்தின காத்து."

"சார், வானிலை அறிக்கை வேணாம். எது நல்லாயிருக்கு?"

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ற விஷயமாம்மா இது? ரெண்டுக்கும் ஒரு ஆளுமை இருக்கு பாருங்க." சொல்லிவிட்டு இரண்டாவது கறுப்பை எடுத்துக்கொண்டார். மனுஷனின் வாயை விடக் கைக்கு விவரம் அதிகம்.

அப்போதுதான் சம்பந்தியம்மா கறுப்பில் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்வது நின்றது. பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது... நம்ம மரத்துப் பழமா?"

"பின்ன, நான் வரும்போது பஸ்ஸுலயா பறிச்சேன்?"

"இப்படி இருந்ததே இல்லையே சம்பந்தி."

"எப்படி இருக்கும்? ஆறு வருஷமா அதைப் பழுக்க விட்டீங்களா? கறுத்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கினா அது என்ன பண்ணும்? கழுத்து தொங்கணும், தோல் வெடிக்கணும், அடியில சொட்டு நிக்கணும். வீட்டுல இருக்கற மரத்தோட ருசி உங்களுக்கே தெரியல. இதுல மத்தவங்களுக்குத் திருத்தம் சொல்ல வந்துட்டீங்க!"

சம்பந்தியம்மாவின் முகம் சிவந்தது. வாயில் பழம் இருந்தது. அதைத் துப்பவும் மனசில்லை.

"எம்மா, நான் இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகணும்" என்று பின்கட்டிலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார்.

மகள் தட்டிலிருந்த பச்சையில் ஒன்றையும் கடைசிக் கறுப்பையும் தின்றுவிட்டு அம்மாவையே பார்த்தாள். "நீ சொல்லும்மா."

"என்னை எதுக்குக் கேக்கற? உனக்கு நாக்கு இல்ல?"

"கறுப்புதான் நல்லாயிருக்கு. ஆனா நீ சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

கண்டக்டரம்மா சேலைத் தலைப்பால் விரல் பிசுக்கைத் துடைத்தார். விரல் விரலாக, வெகு நேரம் துடைத்தார்.

"கறுப்பு இருக்கட்டும்" என்றார். பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "உடனே மாலைக்குக் கழுத்த நீட்டிடாதீங்க. வெச்சவங்க குணம் மரத்துக்கு வரல. அது மரத்தோட அதிர்ஷ்டம்" என்றார்.

இடப்பக்கம், பச்சை அத்தியின் அடியையும் உள்ளே சேர்த்து, கொத்தனாரின் வெள்ளைக் கோடு விழுந்தது. கண்டக்டரம்மா அதைப் பார்க்கவில்லை, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கியவற்றைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார். மாப்பிள்ளை, "அத்தை, விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று தட்டுகளை மெல்ல வாங்கிக்கொண்டார்.

சம்பந்தியம்மாவுக்குக் குரல் திரும்பிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓரம் விட்டு, பத்தி பிரித்து ஆரம்பித்தார்.

"அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை உங்களுக்கு அலைச்சல் மிச்சம் சம்பந்தி."

மகள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கண்டக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு சொன்னா? இது வரைக்கும் ஞாயித்துக்கிழமைதான் வந்தேன். இனிமே பழம் விடற காலம் முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவேன். இந்த மரத்தை உங்க கையில விட்டுட்டு எனக்கு வீட்டுல தூக்கம் வருமா? நான் சொல்ற வரைக்கும் ஒரு பழத்துல கை வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார். அதை நன்றாகத் திறந்தே விட்டுப் போனார்.