குளிப்பாட்டும் உரிமை

பிணத்தைக் கழுவக் கொழுந்தன் லின்டன் நீட்டிய ரம் போத்தலையும் எலுமிச்சைப் பையையும் ஐலீன் வாங்கிக்கொண்டாள். வாசலில் வழியை மட்டும் விடவில்லை.

“குடுத்துட்டேல்ல, கிளம்பு. அவரை நானே குளிப்பாட்டிக்கிறேன்.”

“என்ன அண்ணி பேசுறீங்க? படகுல கூடப் போனவன்தான் குளிப்பாட்டணும். பொம்பளை கை வச்சா கிரெனடாத் தீவே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். பல்லு ஒண்ணும் சுளுக்கிக்காது.”

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கட்பர்ட் கிடந்தான். விடியும்போதுதான் மூச்சு நின்றது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போன பிறகும், ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசிதான் அவனை இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்தது. பேத்தியின் ஞானஸ்நானத்தைக்கூடப் பார்த்துவிட்டான். ஆனால் ஊசி சும்மா எதையும் கொடுக்கவில்லை. கடற்காற்றிலும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. வலை இழுத்த தோள்கள் தளர்ந்தன. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினான். பிறகு மார்பு, பெண்ணுக்குப் போல் வளர்ந்தது. அதன்பின் அவன் கடலில் குளிக்கவே இல்லை.

“நான் செத்தாலும் இதப் பயலுக கண்ணுல காட்டிராத, ஐலீன்” என்று சத்தியம் வாங்கியிருந்தான். அழக்கூட நேரமில்லாமல் அதற்குத்தான் அவள் காவல் நின்றாள்.

“அவன் எனக்கு அண்ணன், அண்ணி.” லின்டன் வாசற்படி ஏறினான். “நான் குளிப்பாட்டாம வேற யாரு?”

அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். அவள் பின்னால் ஓடுவதற்குள் போர்வையை விலக்கி, சட்டையையும் திறந்துவிட்டான்.

ஐலீன் கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்போ ‘ஐயோ’வோ வரும் என்று காத்திருந்தாள். அவள் எடுத்துவைத்த வாளியில் துணி பிழியும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, அவன் அந்த மார்பைத்தான் முதலில் துடைத்துக்கொண்டிருந்தான், பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல.

“யார்கிட்டயும் சொல்லிராத, லின்டன்.”

அவன் அவள் பிடித்திருந்த பையிலிருந்து எலுமிச்சை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் பிழிந்தான்.

“அவனுக்கு எத்தனாவது ஊசியில இது ஆரம்பிச்சுது, அண்ணி?”

அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். கனத்த சட்டை, கழுத்துவரை பொத்தான், முகமெல்லாம் வியர்வை. பாவிகள், தினமும் ஒரே படகில் போனார்கள். ஊசியைப் பற்றி ஒருத்தன் மற்றவனிடம் வாய் திறக்கவில்லை. காலையிலிருந்து வராத அழுகை அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“இங்க யாரும் வர மாட்டாங்க. புழுங்குதுன்னா சட்டையக் கழட்டிட்டுக் குளிப்பாட்டு.”

லின்டன் கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அண்ணனின் கையைத் தூக்கிப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தான்.