டின்னில் இல்லாதது

என் அண்ணிக்கும் எனக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதில் தொடங்கி, மொட்டை மாடிக் கொடியில் யாருடைய கிளிப்பை யார் எடுத்தார்கள் என்பது வரை சண்டைதான். ஒரே கட்டடம். அவர்கள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. அவள் கிழக்கு என்றால் நான் மேற்கு என்பேன். அண்ணன் எனக்கு வைத்த பெயரே வாயாடி. அண்ணியும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் தையற்காரன். வணிக வளாகத்தின் அடித்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும்தான். பேண்ட் நீளத்தைக் குறைப்பான், இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவான், ஜிப் மாற்றுவான். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் என் வேலை. யாருக்குத் தொப்பை எப்போது வளர்ந்தது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தன் உடம்பில் சர்க்கரை ஏறியது மட்டும் கடைசியில்தான் தெரிந்தது.

மாத்திரை போதாமல் இன்சுலின் என்று ஆனபோது, "ஊசி எனக்கென்ன புதுசா? இத்தனை வருஷம் துணியைக் குத்தினேன், இனிமே என்னையே குத்திக்கறேன்" என்று சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அன்றைக்கே அடுக்களையைக் காலி செய்தாள். சர்க்கரை, தேன், ஜாம், பிஸ்கட், பழச்சாறு எல்லாம் பைபையாகப் படியேறி என் வீட்டுக்கு வந்தன.

"நீயே தின்னு. உனக்குத்தான் இரும்பு உடம்பாச்சே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விருந்தாளிக்குக்கூடச் சர்க்கரை இல்லாத டீதான். நான் முகம் சுளித்தால், "உங்கண்ணன் உயிர் பெருசா, உன் நாக்கு பெருசா?" என்பாள். அதைக் கேட்டதும் டீயை ஒரே மூச்சில் குடித்துவிடுவேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவன்தான் எல்லாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் காவல் காத்தாள். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

அந்தக் காவலில் இருந்த ஒரே ஓட்டை டயட் சோடா.

கடையில் வெட்டு மேசைக்கு அடியில், பிசிறுத் துணி மூட்டைக்குப் பின்னால், அண்ணன் டயட் சோடா டின்களை அடுக்கி வைத்திருப்பான். மத்தியானம் ஒன்றைத் திறந்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். "சர்க்கரையே இல்லை, ஆனா நாக்குக்கு இனிக்குது. இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்" என்பான். அவனுக்கு மிஞ்சியிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அண்ணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருபவள். சோடா குடித்துக் குடித்துப் பல் கரைந்தவர்களின் படம் அவள் தலைக்கு மேலேயே சுவரில் மாட்டியிருந்தது. நாள் முழுக்க அதன் கீழே உட்கார்ந்துவிட்டு வருபவளிடம் யார் பேச முடியும்? எலும்பு தேயும், கிட்னி போகும், இதயம் நின்றுவிடும், பசி கூடி உடம்பு ஊதும் என்று தினம் ஒன்று கொண்டுவருவாள். போதாததற்குப் போனில் வரும் வீடியோக்கள் வேறு. ஒன்றில் யாரோ சோடாவுக்குள் ஆணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"ஆணிக்குத்தானே ஆகாது? எங்கண்ணன் என்ன ஆணியா?" என்றேன் நான்.

ஒருநாள் பஞ்சாயத்து டாக்டரிடமே போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எப்பவாவது ஒண்ணு குடிச்சா பெருசா ஒண்ணும் ஆயிடாது. தண்ணி குடிச்சா இன்னும் நல்லது. ரொம்ப வருஷம் குடிச்சா என்ன ஆகும்னு அடிச்சுச் சொல்ல இன்னும் யாராலயும் முடியலை."

படியிறங்கும்போது, "பாத்தியா, ஒண்ணும் ஆகாதுன்னுட்டார்" என்றான் அண்ணன். "பாத்தீங்களா, தண்ணிதான் நல்லதுன்னுட்டார்" என்றாள் அண்ணி. இருவரும் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. கடையில் குடிப்பதை அவள் கண்டுகொள்ள மாட்டாள். வீட்டில், ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில், கீரைக்குப் பின்னால் ஒரே ஒரு டின் இருக்கலாம். விடுமுறை நாளில் மட்டும், அதுவும் அவள் அனுமதியோடு.

ஒருமுறை அவன் வற்புறுத்தியதால் அண்ணியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உடனே தொட்டிக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

"ஐயே, இப்படித் திகட்டுது! இதுல சர்க்கரை இல்லைன்னு எவன் சொன்னது?"

"டின்னுலயே போட்டிருக்கே, படிச்சுப் பாரு."

"போட்டிருப்பான். விக்கறவன் வேற என்ன போடுவான்? உங்க காதுல நல்லாப் பூ சுத்தியிருக்கான். நாக்கு பொய் சொல்லுமா?"

அண்ணனும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் அதை விடவே இல்லை. அவளைப் பொறுத்தவரை டயட் சோடா என்பது சர்க்கரையைத் திருட்டுத்தனமாக ஒளித்து வைத்திருக்கும் தண்ணீர். டாக்டர், கம்பெனிக்காரன், நான் எல்லோரும் சேர்ந்து அவள் புருஷனை ஏமாற்றுகிறோம்.

அதே போலத்தான் மிட்டாய் விஷயமும். இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ், சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் வைத்திருக்கச் சொல்லியிருந்தாள். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அண்ணி அவற்றைப் பிடித்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"சுகர் ரொம்ப இறங்கிட்டா வாயில போட்டுக்கணுமாம். நர்ஸ் சொன்னாங்க."

"உங்களுக்கா, இறங்குமா? ஏறின சர்க்கரையை இறக்கத்தானே நான் இந்தப் பாடு படறேன்? திருடி மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை சொல்லுவாங்க."

மிட்டாய் குப்பைத்தொட்டிக்குப் போனது. அண்ணன் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். ஆனால் வீட்டில் சமாதானம் நிலவினால் போதும் என்று நினைக்கும் ஆள் அவன். கடையில் பட்டன் டப்பாவுக்குள் சில மிட்டாய்களை வைத்துக்கொண்டான். வீட்டில் இருக்கும்போதும் உடம்பு கெட்டுப்போகலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த விடுமுறை நாளில் நடந்ததை அண்ணி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நடுவில் நிறுத்தினால் முடிவு மாறிவிடுமா என்று பார்ப்பவளைப் போல, சில இடங்களில் நின்றுவிடுவாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டான். தட்டு வைத்தாயிற்று. ஃப்ரிட்ஜைத் திறந்து டின்னைக் கையில் எடுத்தான். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். காலையில்தான் கடையில் குடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவசர வேலை என்று போனவன் சட்டையில் சோடாவைச் சிந்திக்கொண்டு வந்திருந்தான்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். சாப்பிடுங்க."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தையா இருந்தா ரெண்டு போட்டுத் திருத்திடுவேன்."

எப்போதும் இதற்குச் சிரித்துவிடுவான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "சோறும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "பசிச்சா தானா வருவீங்க" என்று அண்ணியும் முறுக்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள். ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு யாரும் புரிகிற மாதிரி சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தான்.

அவள் உள்ளே போனபோது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் சட்டைப் பட்டனைப் போடத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தான். பட்டனோடு வாழ்ந்தவன். நெற்றி, கழுத்து எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. முதலில் நடிப்பென்று நினைத்தாளாம். பிறகு அவன் அவளை நிமிர்ந்து பார்த்து, "இனிப்பு... இனிப்பா ஏதாவது குடு" என்று குழறினான். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு நர்ஸ் கதை பொய்யில்லை என்று உறைத்துவிட்டது.

அடுக்களைக்கு ஓடினாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். உப்பு இருந்தது, பருப்பு இருந்தது. ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். அப்போதுதான் மேசைமேல் அவள் பிடுங்கி வைத்த டின் கண்ணில் பட்டது. தொண்டை திகட்டத் திகட்ட இனிக்கும் டின்.

"கடவுள் மாதிரி இருந்துச்சு அது" என்றாள் என்னிடம்.

அவன் தலையை மார்பில் சாய்த்துக்கொண்டு தன் கையால் புகட்டினாள். "குடிங்க. இனிமே ஒண்ணுமே சொல்ல மாட்டேன். எத்தனை வேணும்னாலும் குடிங்க." அவன் முழுவதையும் குடித்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினான். சர்க்கரை ஏறிவிட்டது, களைப்பில் தூங்குகிறான் என்று போர்வையைப் போர்த்திவிட்டாள். சத்தம் கேட்கக் கூடாதென்று பாத்திரத்தைக்கூட அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். ஒரு மாடி ஏறினால் என் வீட்டில், அவளே கொடுத்த சர்க்கரை டப்பா நிறைய இருந்தது. அதற்குத் தேவை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுக்கு எந்தப் பட்டன் வைப்பதென்று கேட்க நான் இறங்கிப் போனபோது மாலை வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணி உதட்டில் விரல் வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"தூங்கறார். சுகர் இறங்கிடுச்சு, பயந்தே போயிட்டேன். நல்லவேளை, சோடா இருந்துச்சு."

"எந்தச் சோடா?"

அவள் டின்னைக் காட்டினாள். நான் அதைப் படிக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் படித்தேன். சர்க்கரை என்று எழுதிய வரிக்கு நேராக ஒரு பூஜ்யம் போட்டிருந்தது.

"அண்ணா" என்று உலுக்கினேன். தலை என் கை போன பக்கமெல்லாம் போனது. மேலே ஓடிச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்து ஈறில் தேய்த்தேன். உதட்டோரம் வழிந்தது. அண்ணி, "இனிப்பு குடுத்தேனே, குடுத்தேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர் ஊசி ஏற்றியபடி, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் டின்னை நீட்டினாள். அவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். சத்தம் வராதபடி மேசையில் வைத்தார்.

மூளைக்குச் சர்க்கரை போகாமல் நெடுநேரம் இருந்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கண் திறந்திருக்கும், அதில் நாங்கள் இருக்க மாட்டோம். மூக்கு வழியாகக் குழாயில் சாப்பாடு போகிறது. இப்போது அந்த வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் சர்க்கரைதான். அலமாரியில், தலையணைக்கு அடியில், அண்ணியின் கைப்பையில் என்று எங்கு பார்த்தாலும் சர்க்கரை. எதற்கென்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் அவன் பாதி பிரித்துப்போட்ட பேண்ட்களை நான்தான் முடித்துக் கொடுத்தேன். வெட்டு மேசைக்கு அடியில் இருந்த டின்களை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

போன வாரம் பல் டாக்டர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று தலையை ஆட்டினார்.

"அந்தச் சோடா உடம்புக்கு ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்லம்மா."

"ஆமா சார். சொன்னீங்க" என்றாள் அண்ணி.

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தாள். குழாயைக் கழுவினாள். அண்ணன் வாயோரத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"டின்னுல அவன் பொய் எழுதியிருக்கான்னு நெனச்சேன். உண்மையைத்தான் எழுதியிருந்தான், இல்ல?"

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"வாயாடி, நீ சொல்லு. அது கெடுதல்தானே? அத்தனை நாளா குடிச்சாரே, அதுதானே அவரை உள்ளேயே அரிச்சிருக்கும்? இல்லேன்னாலும் என்னைக்காவது இப்படித்தானே ஆகியிருக்கும்?"

அவள் கண்களைப் பார்த்தேன். அந்தச் சோடா விஷமாக இருந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். அது அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அன்றைக்கு அது எதையுமே செய்யவில்லை. அதை எப்படி என் வாயால் சொல்வேன்? என் அண்ணனைப் பறிகொடுத்த கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் எதிரில் இருந்தது இவள்தான்.

"ஆமா அண்ணி" என்றேன். "அது கெடுதல்தான். நீங்க சொன்னதுதான் சரி."

அண்ணி நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மெல்லக் கலைந்தது.

"நீ என்னைக்கும் என்னை எதிர்த்துத்தானே பேசுவே" என்றாள். "இன்னைக்கு மட்டும் ஏன் ஆமாங்கறே?"