முதலில் வாசித்தவர்

ஆலையில் விபத்து நடந்தால் யாரும் வழக்குப் போட முடியாது என்ற சட்டத்துக்கு ஊரே வாக்களித்திருந்தது. வழக்குக்குப் பயந்து முதலாளி ஆலையை மூடிவிட்டால் பிழைப்பு போய்விடுமே என்ற கலக்கம். அவள் கணவனும் வாக்களித்தவன்தான். அடுத்த மழைக்காலத்தில் கொதிகலன் வெடித்தது. அவனை அடையாளம் காட்ட இடுப்புச் சாவிக்கொத்துதான் மிஞ்சியது.

அவள் எதிர்த்து வழக்குப் போட்ட அந்தச் சட்டம் செல்லுமா என்று நீதிமன்றத்தில் இன்று தீர்ப்பு. செல்லும் என்றால் அவன் ஏன் செத்தான் என்று கேட்கக்கூட அவளுக்கு வழியில்லை. பக்கத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். ஆலைத் தொழிலாளி, சட்டம் நிற்க வேண்டும் என்பவன். ஆனாலும் அண்ணியைத் தன் வண்டியில்தான் கூட்டிவந்திருந்தான்.

"ஊரே ஓட்டுப் போட்டுச்சு அண்ணி. இந்த மூணு ஜட்ஜுக்கு யார் ஓட்டுப் போட்டா?"

"யாரும் போடல. பேசாம இருங்க தம்பி."

"இந்தாங்க, தண்ணி குடிங்க. எதிராளிக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல."

மூன்று நீதிபதிகளில் இளையவர் முதலில் வாசித்தார். மக்கள் தெரிந்தே எடுத்த முடிவை, மக்கள் தேர்ந்தெடுக்காத நாங்கள் கலைப்பது முறையல்ல, சட்டம் செல்லும்.

பின்வரிசையில் ஆலைக்காரர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். வாயெல்லாம் பல்லாக எழுந்த கொழுந்தன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

முன்வரிசையிலிருந்து அவளுடைய வக்கீலம்மா திரும்பினார். "சொல்ல மறந்துட்டேன்மா. இந்தக் கோர்ட்டுல, மத்தவங்களோட ஒத்துப்போகாதவரைத்தான் முதல்ல வாசிக்க விடுவாங்க."

மூத்தவர் கண்ணாடியை மாட்டினார். நியாயம் கேட்க வருகிற ஒருத்தியின் வாயை, எத்தனை பேர் கூடி வாக்களித்தாலும் அடைக்க முடியாது என்றார். மூன்றாமவரும் அதையே சொன்னார். சட்டம் செல்லாது.

வெளியே யாரோ அவள் காதில் விழும்படி சொன்னார்கள்: "புருஷன் போட்ட ஓட்டையே அழிச்சிட்டாளே."

கொழுந்தன் வண்டியில் ஏறியும் அதைக் கிளப்பவில்லை.

"அந்தச் சின்ன ஜட்ஜு சொன்னது தப்பா அண்ணி?"

"தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா உங்க அண்ணன் ஏன் போனாருன்னு தெரியாம என்னால இருக்க முடியல."

அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான்.

"இனி கேஸ் நடக்கும். வெடிச்சதுக்கு முந்தின ஷிஃப்ட் என்னோடது. என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"ஆவி மிஞ்சினா தானா தொறக்குற வால்வைக் கம்பியால கட்டி வெச்சிருந்தாங்க அண்ணி. ரொம்பச் சத்தம் போடுதுன்னு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல," என்றான். "கேக்கக் கூடாதுன்னுதானே எல்லாரும் ஓட்டுப் போட்டோம்."