அங்கம்மாவின் மூக்குக் குழாய்

ஆஸ்பத்திரிக்காரர்கள் எதைச் சொன்னாலும் நான் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன். மீதியை அவர்கள் வேலைக்காகச் சொல்கிறார்கள். என் மனைவி அங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறி, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, எங்கள் ஊர் பாலோவுக்கு அனுப்பினார்கள். வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது, எல்லாம் குழாய் வழியாகத்தான், அந்தக் குழாயையும் கெடு வைத்து மாற்ற வேண்டும் என்றார்கள். கார் பட்டறைக்காரனும் டயருக்கு இப்படித்தான் கெடு சொல்கிறான். நாம் பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் தடவை மாற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். பழையதை உருவிவிட்டுப் புதியதை உள்ளே தள்ளும்போது அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தவள் பித்தான் அறுகிற வரைக்கும் விடவில்லை. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். குழாய் எப்போது கெட்டுப்போகிறது என்பதை இனி நான் பார்த்துச் சொல்வேன், காலண்டர் சொல்ல வேண்டாம்.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பால் ஊற்றுகிற ஊசிக் குழலைத் தூக்கிப் பிடித்தால் பால் தானாக இறங்க வேண்டும். விரலில் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு இருக்கக் கூடாது. மூக்கு ஓரத்தில் குழாய் மேல் பேனாவால் போட்ட கோடு நகரக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் குழாய் நல்ல குழாய். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், மிஸி ரூபினி, இதை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயசுப் பெண், வாய் மட்டும் பெரிசு. வெளியே மெத்தென்று இருந்தாலும் உள்ளே இருக்கிற பகுதி வயிற்றுப் புளிப்பில் விறைத்துப்போகும், அது என் விரலுக்குத் தெரியாது என்றாள். உள்ளே இருப்பது உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கெடு தாண்டிவிட்டது. அவள் போன் செய்வதும் நான் அடுத்த வாரம் என்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையிலும் போன் வந்தது. நான் வழக்கம்போல் அங்கம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாலில்லாத கோப்பி ஓவில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அவள் தின்ன முடியாதபோது எதிரே உட்கார்ந்து தின்னலாமா என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு விடிவது அப்படித்தான். நான் எழுந்து வேறு இடம் போனால் அவள்தான் முறைப்பாள். மிஸியோடு சண்டை போடப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இன்றைக்கு வந்து மாற்றியே தீருவேன் என்றாள். வந்தால் கேட்டைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே கோழிக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

பால் கொடுக்கும் முன் ஊசிக் குழலால் வயிற்றிலிருந்து கொஞ்சம் இழுத்துப் பார்க்க வேண்டும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கிற வழி அது. எப்போதும் திரிந்த பால் மாதிரி வரும். அன்றைக்குக் கறுப்பாக வந்தது. கறுப்பும் பழுப்பும் கலந்து, நடுவில் பொடிப்பொடியாக என்னவோ மிதந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் சொன்னதில் நான் முழுசாக எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கோப்பி மண்டி மாதிரி வந்தால் வயிற்றில் ரத்தம் கசிகிறது, உடனே கூப்பிடு. விறைத்துப்போன குழாய் உள்ளே குத்திவிட்டது என்று நினைத்தேன். நான் தள்ளிப்போட்டதுதான் காரணம். அங்கம்மா என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். முகத்தில் ஒரு வலியும் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கேட்டை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு மிஸிக்குப் போன் செய்தேன். கிட்டத்தில்தான் இருந்திருக்கிறாள், சுருக்க வந்துவிட்டாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் வந்தாள். நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அங்கம்மாவுக்குத் துணையாக இருப்பவள்.

"மாத்திடும்மா. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்," என்றேன்.

மிஸி நாடி பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஊசிக் குழலை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அதை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். இன்னொரு தடவையும் முகர்ந்தாள்.

"தாத்தா, இது கோப்பி மாதிரி இல்ல. கோப்பியேதான். சீனிகூடப் போட்டிருக்கு."

எனக்கு உடனே பேச்சியம்மாள் மேல்தான் சந்தேகம் போனது. கொஞ்ச நாளாகவே டின்னில் பிஸ்கட் குறைந்துகொண்டு வந்தது. நான் வாய் திறக்கவில்லை, ஆனால் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது திறந்துவிட்டேன். பிஸ்கட்டை நீ தின்றாய், சரி, படுத்திருக்கிறவளுக்கு ஏன் கோப்பி ஊற்றினாய் என்று கேட்டேன்.

"அண்ணே, எனக்குச் சீனி வியாதி. உங்க வீட்டுப் பிஸ்கட்ட நான் மோந்துகூடப் பாத்ததில்ல," என்றாள். சொன்னதோடு விடவில்லை. நான் கஞ்சன் என்பதற்குப் பாலோ டவுனில் யார் யார் சாட்சி சொல்வார்கள் என்று பெயர் பெயராக எடுத்துவிட்டாள். நானும் விடவில்லை.

மிஸி சட்டென்று எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்தாள். "சத்தம் போடாதீங்க. பதறினா புரையேறிடும்," என்று மெதுவாகச் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் சண்டை எப்படியும் நீளும் என்று அங்கம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இடது கை முக்காலியில் இருந்த டின்னுக்குள் போய் ஒரு பிஸ்கட்டோடு வந்தது. நான் பாதியில் வைத்துவிட்டுப் போன கோப்பியில் அதை முக்கினாள். அவசரப்படவில்லை. ஊறட்டும் என்று காத்திருந்தாள். உடையப் போகிற நேரம் பார்த்து எடுத்து, வாயின் நல்ல பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தாடையை நெஞ்சுக்கு இறக்கி, கண்ணை மூடி, விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும்தான் மூச்சு விடாமல் நின்றோம்.

கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தவள் கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது பேச்சியம்மாள். மிஸியும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் எனக்கு நன்றாகக் கொடுத்தாள். அந்தக் கோப்பி நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா, கைக்கு எட்டுகிற இடத்திலா வைப்பது என்றாள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக ஏச்சு வாங்கியதில்லை.

அன்று மத்தியானமே குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்தார்கள். விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கிற ஒரு மலாய்ப் பெண் வந்தாள். அங்கம்மாவின் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு கெட்டியாக்கிய தண்ணீர், பிறகு மசித்த கஞ்சி என்று கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். தாடையை இறக்கி விழுங்க யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை, திருட்டுத் தீனி தின்று பழகியது என்று மலாயில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பை அடக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கெடு தாண்டியதால் பழைய குழாயை எப்படியும் எடுக்க வேண்டும். எடுத்தார்கள். நுனி மஞ்சளடித்து, குச்சி மாதிரி விறைத்திருந்தது. மிஸி ரூபினி சொன்னது சரிதான். அதை நான் அவளுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டேன்.

டாக்டர் புதுக் குழாயைப் பாக்கெட்டோடு கட்டிலில் வைத்தார். இப்போதே இதைப் போட்டுவிட்டு வாயால் தின்பதை மெல்லப் பழக்கலாம், இல்லையென்றால் இரண்டு நாள் வார்டில் வைத்து மசித்த சாப்பாடு கொடுத்துப் பார்க்கலாம், போதவில்லை என்றால் அப்புறம் போடலாம் என்றார். இரண்டும் சரியான வழிதானாம். குடும்பம் என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டார்.

இத்தனை நாளும் நான்தான் சொல்வேன் என்று நின்றவன், இப்போது குனிந்து அவளிடமே கேட்டேன்.

"என்னா புள்ள, போடவா, வேணாமா?"

அங்கம்மா டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடது கையை நீட்டிப் பாக்கெட்டை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் தள்ளி, அதன் மேல் நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு கஞ்சிக் கிண்ணம் வைத்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

அந்தப் பெண் கரண்டியை என் கையில் கொடுத்தாள். நான் ஊட்டினேன். வாங்கி, தாடையை இறக்கி, விழுங்கி, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"உ... உப்பில்ல," என்றாள்.

டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்டார். குழாய் வேண்டாமாம் என்று சொன்னேன்.