கழுத்தில் ஒரு சிவப்பு நூல்

விதைப்புக்கால மழையான முன்மாரி வர வேண்டிய நாள் தாண்டி இருபத்தாறு நாளாகிவிட்டது. எலிசூர் விதைத்த வாற்கோதுமை புழுதிக்குள் வெந்துகொண்டிருந்தது. அது கருகிப்போனால் மறுபடி விதைக்க வீட்டில் ஒரு பிடிகூட இல்லை.

அதனால்தான் வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்தபடி, மழைத் தெய்வம் என்று ஊரார் கும்பிட்ட பாகாலின் மேடை இருந்த குன்றில் ஏறிக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்த ஒரே கறவை அது. சின்ன மகனுக்கு அதன் பால்தான் ஆகாரம். தெரிந்தால் விடமாட்டாள் என்று, மனைவி மாக்காள் கிணற்றுக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பியிருந்தான்.

பக்கத்து வயல்காரன் சிக்ரி, பாகாலுக்குத் திராட்சை அடைகளைத் துணியில் முடிந்துகொண்டு கூடவே வந்தான்.

"என்னண்ணே, மூஞ்சி இப்படித் தொங்குது? ஆட்டைக் கொடுக்கப் போறீங்களா, பொண்ணைக் கட்டிக்கொடுக்கப் போறீங்களா?"

"பேசாம வாடா."

"நேத்து ஊர் வாசல்ல அந்தத் தீர்க்கதரிசி தொண்டை கிழியக் கத்தினாரே, கேட்டீங்களா? கர்த்தர் இன்னும் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காராம். காத்திருக்கிறவரு ரெண்டு தூறல் போட்டுட்டுக் காத்திருக்கக் கூடாதா?"

எலிசூருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டான்.

பாதிக் குன்று ஏறுவதற்குள் கடல் பக்கம் கறுத்தது. இருவரும் கர்வாலி மரத்தடிக்கு ஓடிச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா! கிளம்பினதுக்கே பாகால் கொடுத்துட்டான். மழை வெறிச்சதும் போய்ச் செலுத்திடணும். வாங்கிக்கிட்டு ஏமாத்தினா வீடு புகுந்து பிடுங்கிக்குவான்" என்றான் சிக்ரி.

நடுங்கிய ஆட்டை எலிசூர் துடைத்துவிட்டான். ஈரத்தில் ரோமம் படிந்த கழுத்தில், வெளுத்துப்போன சிவப்பு நூல் ஒன்று தெரிந்தது.

அவன் கை அப்படியே நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன் வெட்டுக்கிளி வயலில் இறங்கியபோது, அப்பா அடுக்கிய கல் பலிபீடத்தின்மேல் விழுந்து அழுதவன் அவன்தான். பயிரைக் காப்பாற்றினால் இந்த வருஷத்து முதல் குட்டி கர்த்தருக்கு என்று சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே காற்று திரும்பி வெட்டுக்கிளிகளை அடித்துக்கொண்டு போனது. மாக்காள் குட்டியின் கழுத்தில் தளர்வாக நூல் கட்டினாள். அறுப்பு முடியட்டும் என்றான் எலிசூர். பிறகு, கொஞ்சம் வளரட்டும் என்றான். பிறகு அது பால் கொடுத்தது. பலிபீடத்தை முள் மூடியது. அதன் குட்டிகளைக்கூட விற்றுத் தின்றாயிற்று.

மூன்று வருஷத்தில் யாரும் வீடு புகுந்து எதையும் பிடுங்கவில்லை.

"என்னண்ணே, திரும்புறீங்க?"

"இது நம்ம ஆடு இல்லடா."

"யாரோடது?"

எலிசூர் ஆட்டை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினான்.

வீட்டு வாசலில் மாக்காள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "பிள்ளை வாயில இருக்கிறதைப் பாகாலுக்குக் கொடுக்கப் போனீங்களே, மனுஷனா நீங்க?"

அவன் ஆட்டின் கழுத்தைக் காட்டினான். அவள் வெகுநேரம் அந்த நூலையே பார்த்தாள்.

"மூணு வருஷம் பொறுத்தவரு" என்றாள் மெதுவாக. "பிள்ளை பால் மறக்கிற வரைக்கும் பொறுக்க மாட்டாரா?"

"பொறுப்பாரு. நம்மளும் மறுபடி மறந்துடுவோம். பாகால் மலைக்குப் போற வழியிலதான் மழையே பேஞ்சுது, மாக்கா. அவரு பக்கம் நான் அப்போ திரும்பக்கூட இல்ல."

அவள் கலயத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். கடைசிச் சொட்டு வரை கறந்தாள். பாலைப் பிள்ளைக்கு மூடி வைத்துவிட்டு, கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

வயல் மூலையில் எலிசூர் முட்களை வெறுங்கையால் பிடுங்கினான். கையெல்லாம் ரத்தம். முள் விலக விலகக் கற்கள் தெரிந்தன. அப்பா அடுக்கியபடியே இருந்தன, ஒன்றுகூடச் சரிந்திருக்கவில்லை.

மழை விட்டிருந்தது, ஆனால் விறகு நனைந்திருந்தது. காயும் வரை ஆட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று ஒருதரம் தோன்றியது. எழுந்திருக்கவில்லை.