ஐந்தாம் தரத் தெரு

அக்கா வீடு வீடாக ஷாம்பு விற்கும் வேலையில் இருந்தாள். எங்கள் தெருவில் கணக்கெடுப்பு நடக்கும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று கேட்டுத் தெருவுக்கு ஒரு தரம் போடுவார்கள். எல்லா நாட்டிலும் ஒரே படிவம்தானாம். சாமான் நிறைய இருந்து மூன்றாம் தரம் வந்தால் பெரிய பாட்டில் விற்கும் கடை திறப்பார்கள். அக்காதான் அதற்குப் பொறுப்பு. ஐந்தாம் தரம் என்றால் பெட்டிக்கடையில் பாக்கெட் மட்டும் தொங்கும். வீடு வீடாகப் போக ஆள் வேண்டாம். இதை என்னிடம் மட்டும் சொன்னாள். வெளியே சொன்னால் நடக்காது என்று அம்மாவிடம்கூட மறைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வேலைக்குப் போனபின், எதிர்வீட்டுத் தையல்கார அத்தை பின்வாசல் வழியாக ஓடி வந்தாள்.

"அண்ணி, எவனோ ஃப்ரிட்ஜ் இருக்கா, டிவி இருக்கான்னு கேட்டு எழுதுறான். கவர்மென்ட் உதவிப் பணத்த நிறுத்தத்தான் வந்திருக்கான்."

"ஐயையோ, உன் ஃப்ரிட்ஜ்?"

"போர்வையப் போட்டு மூடி மேல துணிய அடுக்கிட்டேன். கேட்டா பீரோன்னு சொல்லுவேன்."

"பீரோ உறுமுமாடி?"

"பிளக்கப் பிடுங்கிட்டேன்ல!"

அம்மா சிரித்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி டிவியைக் கழற்றினாள். "ஏய் ஊமை, அந்தப் பக்கம் பிடி."

அதிகம் பேசாததால் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பிடித்தேன். அது அக்கா கம்பெனி ஆள் என்று சொல்ல வேண்டும் எனத் தெரிந்தது. வாய் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினோம்.

கழுத்தில் அட்டை மாட்டியவர் வந்தார். "டிவி இருக்காம்மா?"

"எங்களப் பாத்தா டிவி வச்சிருக்கிற மாதிரியா இருக்கு தம்பி? அடுப்பு எரியறதே பெரிசு."

டிவி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுத்திருந்தது. அதைப் பார்த்தார். படிவத்தில் இருந்த ஒரு கட்டத்துக்குள் கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு போன் வந்தது. மூன்று முறை "சரி சார்" என்றாள். போனை வைத்துவிட்டு, "ஐந்தாம் தரமாம். சரக்கத் திருப்பித் தரணும்" என்றாள்.

"என்னடி தரம்?" என்றாள் அம்மா.

அக்கா விவரம் சொன்னாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தாளு உங்க கம்பெனியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தை வீட்டு ஃப்ரிட்ஜையும் தூக்கிட்டு வந்து வச்சிருப்பேனேடி!"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ வீட்லதான இருந்த?"

"ஆமா."

அக்கா பாட்டில்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். நானும் ஒன்றைத் துடைத்து நீட்டினேன். அவள் வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.